பத்து சென்டிமீட்டர்க் கோடு

நான்கு தாள்.
ஆராய்ச்சி முறையியல், புள்ளியியல்,
செவிலியக் கோட்பாடுகள்.
நான்காவது என் தலைப்பை ஒட்டியது,
அதற்குப் புத்தகம் கிடையாது,
நானே தேடிக்கொள்ள வேண்டும்.
நெல்லை எக்ஸ்பிரஸ் மேல்படுக்கையில்
நிகழ்தகவை உருப்போட்டுக்கொண்டு போய்
எழுதிவிட்டு, அன்றிரவே திரும்பி,
ஹைகிரவுண்டில் பெண்கள் அறுவை வார்டில்
கையெழுத்துப் போட்டேன்.
எனக்காக நின்ற அன்னபாக்கியம்
"டாக்டரம்மா வந்தாச்சு" என்றாள்.
கேலிதான்.
ஆனாலும் ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போகையில்
அந்தச் சொல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

நெறிமுறைக் குழுவில் ஒன்பது பேர்.
படிவம் தமிழில் வேண்டும் என்றார்கள்.
தமிழாக்கினேன்.
அந்தத் தமிழை, மூலம் பார்க்காத ஒருவர்
மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும் என்றார்கள்.
வெளியூர்க் கல்லூரி ஆசிரியர் ஆக்கித் தந்தார்.
வலி என்று அனுப்பியது
வலியாகவே வந்தது.
உளைச்சல் என்று அனுப்பியது
மனக்கவலையாகத் திரும்பியிருந்தது.
எங்கள் பக்கம் முட்டுக்குக் கீழே உளையும்.
ராத்திரி கை உளையும்.
அவருக்கு அது நெஞ்சுக்குள் இருந்தது.
குழு அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னது.
எடுத்துவிட்டேன்.
வார்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மாதிரி எண் முப்பத்தொன்று.
மேலப்பாளையம் மைதீன் பாத்து, வயது நாற்பத்தாறு,
தொழில் பீடி சுற்றுதல்,
பித்தப்பை எடுத்து இரண்டாம் நாள்.
"இந்தக் கோட்டுல இந்த முனை வலியே இல்ல.
அந்த முனை தாங்கவே முடியாத வலி.
ஒங்களுக்கு எங்ஙன இருக்குன்னு
பேனாவால ஒரு குறி போடுங்க."
இடது முனையில் போட்டாள்.
உதடு வெளுத்திருந்தது, நாடி நூற்றுப்பத்து.
"நெசமாவா?"
"ஒண்ணுமில்லம்மா. எப்பம் அனுப்புவீய?
கடைக்காரன் அட்டைய வேற ஆளுக்கு மாத்திருவான்."
சொல்லும்போதே போர்வை ஓரத்தைப்
பெருவிரலால் உருட்டி
மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்,
இலை இல்லாமல், தூள் இல்லாமல்.

பூஜ்யம் என்று எழுதினேன்.
அப்படிப் பதினொரு பூஜ்யம் இதுவரை.
புள்ளியியல் பார்ப்பவர் போனில்
"வளைவு ஒரு பக்கமாச் சரியுது மேடம்,
அதையெல்லாம் தூக்கிரலாமா?" என்றார்.
தூக்கி எங்கே வைக்க?

தாளை மடிக்கப் போனபோது
அவள் பிடித்துக்கொண்டாள்.
"ஒனக்கு எங்ஙன இருக்கு?"

ராத்திரி ட்யூட்டி முடிய
இன்னும் ஒன்றரை மணி நேரம்.
பதினெட்டு வருஷம் நின்ற கால்.
முழங்காலுக்குப் பின்னே நரம்பு
நீலமாகச் சுருண்டு கிடக்கிறது.
யாரும் கேட்டதில்லை என்று சொன்னால் பொய்.
வீட்டில் அவர் கேட்பார், என்ன செய்யுது என்று.
ஒண்ணுமில்ல என்பேன்.
அதுவும் பூஜ்யம்தான்.

பேனாவை வாங்கிக் குறி போட்டேன்.
பார்த்துவிட்டு "அம்புட்டா" என்றாள்.
கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள்.
தையல் இழுத்திருக்கும், முகம் சுளித்தது.
நோயாளி கட்டிலில் உட்காரக் கூடாது.
உட்கார்ந்தேன்.

விடிந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன்,
ஆறு புள்ளி எட்டு.

இன்னும் இருக்கிறது: இரண்டு கட்டுரைகள்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை,
எழுத்துத் திருட்டு இல்லையென்று ஒரு சான்று,
முகம் தெரியாத தேர்வாளர்கள் இருவர்,
கடைசியில் வாய்மொழித் தேர்வு.
முந்தாநாள் குழுக் கூட்டத்தில்
படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்த மேடம்
முப்பத்தொன்றில் நின்றார்.
ஒரே கோடு, இரண்டு குறி.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்,
"ஜெபக்கனி, இதுல எது பேஷன்ட் போட்டது?"